கயிறோடு வந்த வண்டி

சென்னியப்பனின் வண்டி முதல் தடவை தானாகப் புறப்பட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது. கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்த அந்தப் பழைய பைக், யாரும் தொடாமலே ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு, கிக்கரைத் தானே ஒரு மிதி மிதித்து உறுமி, வாசலில் காய்ந்துகொண்டிருந்த சோளத்தின் மேல் ஏறாமல் பதவிசாக ஓரம் ஒதுங்கி, பால் சொசைட்டியைத் தாண்டி, மாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, கிழக்கே போகிற தார் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. சொசைட்டி வாசலில் கேனோடு நின்ற பெண்கள் அதற்கு வழிவிட்டார்கள். புதுசா வாங்கின உருப்படி அப்படித்தான், பழைய வீட்டு நெனப்பு லேசுல விடாது, போகப் போகப் பழகிக்கும் என்று அவர்களில் ஒருத்தி சொல்லிவிட்டு, பாலை ஊற்ற உள்ளே போனாள்.

கருக்கம்பாளையத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. விற்ற மாடு பழைய கட்டுத்தறியைத் தேடிக்கொண்டு போவதும், வாங்கியவர் பின்னாலேயே போய் அந்த வீட்டில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்புவதும் அங்கே வழக்கம்தான். மாடு செய்வதை ஒரு வண்டி செய்தால் என்ன கெட்டுப்போகிறது என்று ஊர் நினைத்தது. நினைத்தபடியே பொழுது சாயும்போது வண்டி திரும்பி வந்து, அதே வேப்பமரத்தடியில், கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டது. சக்கரம் இரண்டிலும் செம்மண் அப்பியிருந்தது. கருக்கம்பாளையத்தைச் சுற்றி எத்தனை மைல் நடந்தாலும் கரிசல்தான். சென்னியப்பன் அந்த மண்ணைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

ஊரில் பயந்தவர் அவர் ஒருவர்தான். ஏனென்றால் அந்த வண்டியை எப்படி வாங்கினோம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சென்னியப்பன் மாட்டுத் தரகர். நடையைப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்வார், சுழியைப் பார்த்து அது போகிற வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார், வியாழக்கிழமைச் சந்தையில் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து விரித்து அதற்குள் கையை விட்டால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனையும் இறக்கிக் கொண்டுவந்துவிடுவார். அந்தச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்குள் மறைந்திருக்கும். இந்த விரலைப் பிடித்து அமுக்கினால் இவ்வளவு, அதை விட்டு இதைப் பிடித்தால் அவ்வளவு. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு முகங்களும் ஆடுகிற துண்டும் மட்டும்தான் தெரியும். அதற்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. அப்படி வாங்கியும் விற்றும்தான் அவர் தலை நரைத்தது.

வண்டி அவருக்கு வேண்டியிருந்தது மகள் மைதிலிக்காக. அவள் நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் பஸ்ஸில் வந்து கைகாட்டியில் இறங்கினால், அங்கிருந்து ஊருக்கு வருகிற ரோட்டில் பாதி தூரத்துக்குக் கைவிட்ட கல்குழிகள்தான் இருந்தன. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லாத இடம். ஒரு நாள் பைக்கில் வந்த இரண்டு பேர் கல்குழி முடிகிற வரைக்கும் அவள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை, சும்மா வந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டதைப் பார்த்த அன்றைக்கே, ஒரு வண்டி வாங்கி இனி நானே போய்க் கூட்டி வருவேன் என்று சென்னியப்பன் மனைவி ராமாத்தாளிடம் சொல்லிவிட்டார். கடையில் புது வண்டி எடுக்க வசதியில்லை. பழைய வண்டிக் கடைக்காரர்களோ அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று ஆதார் முதல் போட்டோ வரைக்கும் கேட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சந்தையில், காங்கேயம் காளைகள் கட்டியிருந்த வரிசையின் கடைசியில், ஒருவன் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாட்டுச் சந்தையில் வண்டி விற்க வந்தவனைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, கறுப்புக் கண்ணாடியைக்கூட மேலே தூக்கவில்லை. சென்னியப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், சீட்டின் மேல் தட்டினார், டயரின் பல்லைத் தடவிப் பார்த்தார், ஓடவிட்டு மூச்சைக் கேட்டார். குறை ஒன்றும் தெரியவில்லை. துண்டை விரித்தார். அவன் கை உள்ளே வந்தது. வாயைக் கிளறுவதற்காக, கேட்டால் எவனும் கோபித்துக்கொள்கிற ஒரு அடிமட்ட விலையை அவர் அமுக்கினார். அந்தக் கை உதறவில்லை, வேறு விரலுக்குத் தாவவில்லை. அப்படியே அவர் பிடியில் கிடந்தது. சரி என்று அர்த்தம்.

முதல் அமுக்கிலேயே சரி என்று விடுகிறவன் பெரிய குறை எதையோ மறைக்கிறான் என்பது சந்தையில் சாணி அள்ளுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். சென்னியப்பனுக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் மலிவு என்றதும் கண் அவிந்துவிட்டது. பேப்பரெல்லாம் வீட்டில் இருக்கிறது, அடுத்த சந்தைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தபோது, அதற்கென்ன, மெதுவாகக் கொண்டு வாருங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லியும் வைத்தார். அவன் அடுத்த சந்தைக்கும் வரவில்லை, அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை.

ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது பேப்பர் அல்ல, கயிறு. அந்தப் பக்கத்தில் மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார். மாட்டின் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் வைத்துக்கொள்வார். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோய்ப் பூட்டி ஓட்டி வர வேண்டும். பழைய கயிறு வீட்டில் இருந்தால்தான் விற்றவருக்குத் திரும்பவும் மாடு கன்று சேரும். பழைய கயிறு கழுத்தை விட்டுப் போனால்தான் மாட்டுக்கும் பழைய வீடு மறக்கும். கயிறோடு மாட்டைக் கொடுத்தால், இனி இந்த வீடும் வேண்டாம், வாசலும் வேண்டாம் என்று ஒருவன் கைகழுவுகிறான் என்று அர்த்தம். தன் ஆயுசில் எந்த உருப்படியையும் கயிறோடு வாங்காத சென்னியப்பன், வண்டிக்கு ஏது கயிறு என்று அன்றைக்கு யோசிக்காமல் இருந்துவிட்டார். அவன் கொடுத்த சாவியில் வளையமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜடையில் கட்டுகிற பச்சை ரிப்பன் ஒரு முழத்துக்குச் சாவியில் முடிந்திருந்தது. அதை அப்படியே வாங்கி மடியில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருந்தார். நினைப்பு வந்தபின் அதை அவிழ்க்கலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தார். அவிழ்த்து யாரிடம் கொடுப்பது? விற்றவன் எங்கே? எடுத்த சாவியைத் திரும்ப மடியிலேயே செருகினார்.

வண்டி தினமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் மட்டும் வேப்பமரத்தை விட்டு அசையாது; மற்ற நாளெல்லாம் உச்சிப் பொழுதில் கிளம்பிப் பொழுது சாய வரும். மைதிலியின் பஸ் வருவதற்குள் அது போய்விடுவதால், எந்த வேலைக்கு வாங்கினாரோ அந்த வேலைக்கு அது ஒரு நாளும் ஆகவில்லை. பெட்ரோலை வடித்து வைத்தார், போயிற்று. ஊர் அவருக்கு யோசனை சொல்வதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்துக்கொண்டது. ஒருவர் தவிடு காட்டிப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினீங்களா, அந்தக் குறைதான் என்றார். பட்டியில் கொண்டுபோய் அடைத்தால் திமிர் அடங்கும் என்றது பஞ்சாயத்து. வண்டி கிளம்புகிற சத்தத்தை வைத்துப் பெண்கள் உலை வைக்க ஆரம்பித்தார்கள், சத்துணவுக் கூடத்தில் அதைக் கேட்டுத்தான் தட்டைக் கழுவினார்கள். அது போகிற வழியில் மிளகாய் காயப்போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு வரி பேசி முடித்தார்கள். ஒரு மாதத்தில் கருக்கம்பாளையத்தார் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

யாருக்கும் காட்டாத ஒன்றை சென்னியப்பன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற வண்டியின் பெட்ரோல் டேங்கின் மேல், செம்புழுதியில், ஒரு சின்னக் கை பதிந்திருக்கும். ஏழெட்டு வயசுப் பிள்ளையின் கை, விரல் அகட்டி, விழாமல் இருக்க ஊன்றியது போல. ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பார். மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் அதே கை இருக்கும். அவருக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பிள்ளையை எங்கே அடித்துப் போட்ட வண்டியோ, எந்தக் குழியில் எது கிடக்கிறதோ, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் போலீஸ் வந்து வேப்பமரத்தடியில் நிற்கும், வண்டி உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்கும், துண்டுக்குள்ளே வாங்கினேன் என்று சொன்னால் சிரிக்கும். இதையெல்லாம் ராமாத்தாளிடம் சொல்லவும் பயம். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தார்.

கடைசியில் மாட்டுக்குச் செய்வதையே செய்தார். ஓடுகாலி மாட்டின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். ஓடினால் முன்னங்காலில் இடித்து வேகம் குறையும். நல்ல கனத்த வேலங்கட்டை ஒன்றைச் சங்கிலியில் கோத்து வண்டியின் முன்பக்கத்தில் கட்டிவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போனார். அன்றைக்கு வியாழக்கிழமை. ஒரு ஜோடிக் காளைக்குப் பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் அவர் கைகாட்டிக்கு வந்து சேர்ந்தபோது மைதிலியின் பஸ் வந்து போய் வெகு நேரமாகியிருந்தது. கைகாட்டியில் டீக்கடை வைத்திருந்த பொன்னான் அவரைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவியபடியே பேச ஆரம்பித்தான்.

"என்னங்க தரகரே, புள்ளையக் கூப்பிடவா வந்தீங்க? வண்டி வந்து கூட்டிட்டுப் போயிருச்சுங்களே."

யார் ஓட்டி வந்தது என்று கேட்டார்.

"யாரும் ஓட்டுலீங்க, அதுவாத்தான் வந்துச்சு. பாவம், கட்டையை இழுத்துட்டு மூச்சு வாங்கிட்டு வந்து நின்னுச்சு. மைதிலி பாத்துப்போட்டு கட்டையை அவுத்து உட்டுட்டு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகுமுன்னு ஏறிக்கிச்சு. கெழக்கதான் போச்சு. நல்லா பழக்கமாயிருச்சு போங்க."

கட்டை ரோட்டோரத்தில் கிடந்தது. கட்டாமல் விட்டிருந்தால் வண்டி உச்சியிலேயே போயிருக்கும், பஸ் வருகிற நேரத்தில் கைகாட்டியில் நின்றிருக்காது. தான் கட்டிய கட்டைதான் வண்டியைப் பிந்த வைத்துத் தன் மகளை அதன் மேல் ஏற்றியது என்பது சென்னியப்பனுக்கு அங்கே நிற்கும்போதே விளங்கியது. மகளின் போனுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிழக்கு ரோட்டில் ஓடினார், கொஞ்ச தூரத்தில் மூச்சு முட்டி நின்றார், திரும்ப வந்தார், திரும்ப ஓடினார். பொன்னான் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து, சாயங்காலம் தானே வந்துருமுங்க, எதுக்கு இப்படி அலையறீங்க என்று ஆதரவாகச் சொன்னான். அவன் ஆதரவு அவருக்குப் பேயைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது வண்டி வந்தது. சீட்டில் யாரும் இல்லை. கைப்பிடியில் மைதிலியின் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் மேல் சின்னக் கை பதிந்திருந்தது, அதற்குப் பக்கத்தில் பெரிய கை ஒன்றும் பதிந்திருந்தது.

சென்னியப்பன் அழுதார். ரோட்டில் நின்றுகொண்டு, வண்டியின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, என்ற புள்ளைய எங்க கொண்டுபோய் உட்டே, என்னையும் அங்க கொண்டுபோய் உடு என்று ஒரு மாட்டிடம் கேட்பது போலவே கேட்டார். பிறகு ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. வழி தெரிந்த மாட்டின் கழுத்தில் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பின்னால் நடப்பது போல, கையை மடியில் வைத்துக்கொண்டு அதை அதன் போக்கில் விட்டார். வண்டி வந்த வழியிலேயே திரும்பி, கரிசல் முடிந்து, ஆற்றுப் பாலம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்து, மண் சிவக்கத் தொடங்கிய இடத்தில் வேகம் பிடித்தது. அவர் தெரிந்த சாமிகளின் பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, திரும்ப முதல் சாமியிலிருந்து ஆரம்பித்தார்.

அது செங்காட்டுப்புதூர் என்கிற ஊர். விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டி ஊருக்குள் நுழைந்தது, யாரும் ஆச்சரியப்படவில்லை. மூடிய பள்ளிக்கூட வாசலில் ஒரு நொடி தயங்கி நின்று, பிறகு தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவுக்குள் திரும்பி, கடைசி ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. இன்ஜின் அணையவில்லை. திண்டில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் நாலைந்து பேர் எழுந்து அவரைச் சுற்றிக்கொண்டார்கள். திறந்திருந்த கதவு வழியாக மைதிலி தெரிந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் தலை வைத்து ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் மைதிலி எழ முயன்றாள். கதவை மறித்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"உங்க புள்ளைய ஒண்ணும் பண்ணுலீங்க. சோறு போட்டிருக்கேன்," என்றாள் அவள். "என்ற வீட்டுக்காரரு எங்கேன்னு சொல்லிப்போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அவள் பெயர் வளர்மதி. தறி ஓட்டுகிறவள். நின்றுகொண்டிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதில் சென்னியப்பனுக்கு விஷயம் புரிந்தது. அவள் புருஷன் லோகநாதனும் தறி ஓட்டியவன்தான். மகள் கனிஷ்காவைத் தினமும் பள்ளிக்கூடம் விடும்போது பைக்கில் போய் டேங்கின் மேல் உட்காரவைத்துக் கூட்டி வருவான். ஆடி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை எங்கேயோ கிளம்பிப் போனவன் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வண்டி மட்டும் வந்து வாசலில் நின்றது. பிள்ளை ஓடிப்போய் ஏறிக்கொண்டது. அதிலிருந்து தினமும் வருகிறது. டீச்சர்தான் பிள்ளையைத் தூக்கி டேங்கின் மேல் வைப்பாள், மினி பஸ்காரர் வழிவிட்டு நிற்பார். ஆள் செத்துவிட்டான், உசுரு பிள்ளையை விட்டுப் போக மனசில்லாமல் வண்டியில் நிற்கிறது என்று ஊர் முடிவு செய்திருந்தது. செத்தும் மகளைக் கூப்பிட வருகிறவனின் பெண்டாட்டி என்று வளர்மதிக்கு அந்தத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. தறிக்கூடத்தில் யாரும் அவளிடம் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. காரியம் மட்டும் இன்னும் செய்யவில்லை, உடம்பைப் பார்க்காமல் செய்ய மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வண்டி சாயங்காலம் எங்கே திரும்பிப் போகிறது என்று பின்தொடர்ந்து போனவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தவறவிட்டார்கள். இன்றைக்குத்தான் முதல் முறையாக அது ஒரு ஆளையும் சேர்த்துக் கொண்டு வந்தது, விடுவார்களா? மைதிலியின் போனைப் பிடுங்கிக்கொண்டு, அவளை உட்கார வைத்திருந்தார்கள். வண்டியின் கைப்பிடியில் தொங்கிய பைதான் மைதிலி அப்பாவுக்கு அனுப்பிய சேதி.

"சந்தையில வாங்குனதுங்க," என்றார் சென்னியப்பன். யாரிடம் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். ஆள் எப்படி இருந்தான்? ஹெல்மெட் போட்டிருந்தான், முகம் பார்க்கவில்லை. பேப்பர் எங்கே? இல்லை. பேசி முடித்ததைப் பார்த்தவர் யார்? துண்டுக்குள்ளே பேசியது, யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பதிலும் அவர் காதுக்கே திருடன் சொல்வது போல் கேட்டது. ஆளை அடித்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தவன் இவன்தான் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். இன்னொருவர் போலீஸுக்குப் பேசப் போனை எடுத்தார். ஒரு இளவட்டம் அவர் தோளைப் பிடித்து அமுக்கியது. கட்டிலில் மைதிலி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இந்த ஊரை விட்டு நாங்கள் இரண்டு பேரும் போக மாட்டோம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றிவிட்டது.

"மூஞ்சியப் பாக்குலீங்க அம்மிணி," என்றார் அவளைப் பார்த்து. "கையத்தான் பிடிச்சேன்."

வளர்மதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கையக் காட்டுங்க."

ஊரான் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிப்பதா என்று தயங்கினார். அவள் தானே முன்னால் வந்து, தறியில் காய்த்துப்போன தன் வலது கையை நீட்டினாள். சென்னியப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போட்டார். உள்ளே, சந்தையில் தான் பிடித்த கையைத் தன் கையில் கொண்டுவர முயன்றார். எத்தனையோ கைகளைப் பிடித்தவர். எந்தக் கையும் அவருக்கு மறப்பதில்லை. அகலமான உள்ளங்கை அது, கட்டைவிரல் ஓரத்தில் நூல் அறுத்த தழும்பு இருந்தது. பிறகு அந்த மோதிர விரல். எல்லா விரலும் மடங்கியபோது அது ஒன்று மட்டும் மடங்காமல் விறைத்து நின்றிருந்தது. இன்னும் ஏதோ கூட்டிக் கேட்கிறான் என்று முதலில் நினைத்து, பிறகு விரலே அப்படித்தான் என்று தெரிந்துகொண்டார். அவர் தன் விரல்களை மடக்கி, மோதிர விரலை மட்டும் நிற்கவிட்டு, அவள் பிடிக்குள் கொடுத்தார்.

துண்டுக்குள் அவள் கை அந்த விரலைத் தொட்டது. மேலிருந்து கீழே வந்தது. நடுக்கணுவில் நின்றது. கல்யாணமான வருஷம் தறியின் பெல்ட்டில் மாட்டிக்கொண்ட விரல் அது. பார்த்தால் தெரியாது, போட்டோவில் தெரியாது, பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிடி மட்டும் இறுகியது. வண்டியை விற்றது வேறு யாருமல்ல, லோகநாதனேதான் என்பது அவள் பிடியிலிருந்துதான் சென்னியப்பனுக்கே தெரிந்தது.

"கை சூடா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

சில்லென்று இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். செத்தவன் கை சந்தைக்கு வந்து வண்டியை விற்றது என்றால் இந்த ஊர் தாராளமாக நம்பும், கேள்வி கேட்காது, அவரையும் மகளையும் சோறு போட்டு அனுப்பி வைக்கும், அவள் மரியாதையும் அப்படியே இருக்கும். பொய் சொல்வது அவர் தொழில். அந்தத் துண்டுக்குள் அவர் சொல்லாத பொய் இல்லை. கதவுக்குள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். அதன் ஒரு ஜடையில் பச்சை ரிப்பன் மடித்துக் கட்டியிருந்தது. இன்னொரு ஜடை ரிப்பன் இல்லாமல் அவிழ்ந்து கிடந்தது.

"சூடாத்தானுங்க இருந்துச்சு, அம்மிணி. வேர்த்திருந்துச்சு."

"பேரம் பேசுனாருங்களா?"

"இல்லீங்க. மொத அமுக்குலயே உட்டுட்டாரு."

அவள் கையை உருவிக்கொண்டாள். துண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. சென்னியப்பன் மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் சாவியைப் பார்க்கவில்லை, ரிப்பனைத்தான் பார்த்தாள். கயிறோடு கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, உள்ளே போய், தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து, அவிழ்ந்து கிடந்த ஜடையைப் பின்னி, ரிப்பனை மடித்து இறுக்கிக் கட்டினாள். வாசலில் அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது.

பெட்ரோல் தீர்ந்துருச்சாட்ட இருக்குது என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். போலீஸுக்குப் பேசப் போனை எடுத்தவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். தோளைப் பிடித்திருந்த பையன் துண்டை எடுத்து உதறி சென்னியப்பனிடம் கொடுத்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்குதுங்க என்றான். மைதிலி தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பிடித்தாள். பஸ் கருக்கம்பாளையம் கைகாட்டியில் நிற்கிற வரைக்கும் விடவில்லை.

வண்டி அந்த வீட்டு வாசலிலேயே நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை, அதுவும் எங்கேயும் போகவில்லை. சென்னியப்பன் மத்தியானத்தில் சந்தையாக இருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கைகாட்டிக்கு நடந்து போய் மகளைக் கூட்டி வருகிறார். கல்குழிப் பக்கம் வரும்போது இன்னமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். வண்டி அணைந்த மறுநாள் செங்காட்டுப்புதூரில் பள்ளிக்கூடம் விட்டபோது, டீச்சர் வழக்கம்போலக் கனிஷ்காவை வாசல் கம்பியோரம் நிறுத்தி வைத்தாளாம். பிள்ளை ரோட்டைக்கூடப் பார்க்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, இரண்டு ஜடையும் ஆட, வீட்டுக்கு நடந்து போனது.